நொட்டேஷன் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்: எந்தக் கோளாறுக்கு எங்கே தேடுவது

கர்நாடக இசை நொட்டேஷன் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்கிற வேலையில் புத்தகம் மாறும், டிடிபி செய்பவர் மாறுவார், தவறுகள் மட்டும் மாறுவதில்லை. அதே புள்ளி காணாமல் போகும், அதே காற்புள்ளி விழும், அதே சாகித்ய எழுத்து, அதாவது பாட்டின் சொல்லில் ஓர் எழுத்து, பக்கத்து ஸ்வரத்துக்குக் குடிபோகும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடி அலுத்துப்போய்தான் இதை எழுதி வைத்தேன்.

ப்ரூஃபில் ஏதாவது இடித்தால் நான் சந்தேகப்படும் வரிசை இது: முதலில் எழுத்துரு. அப்புறம் தட்டியவர். அப்புறம் கைப்பிரதியைப் படித்தவர், அதாவது பெரும்பாலும் நான்தான். அப்புறம் மூல நூல். கடைசியில்தான் பாடாந்தரம், அதாவது குரு பரம்பரைக்குப் பரம்பரை பாட்டு மாறும் விதம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விழுந்துபோன ஒரு காற்புள்ளிக்காக வித்வானுக்கு போன் போட்டு, அவரும் யோசித்து ஒரு விளக்கம் சொல்ல, அது 'பாடபேதம்' என்று அடிக்குறிப்பில் ஏறிவிடுகிறது.

தொடங்கும் முன் மூன்று விஷயம். மூலத்தின் ஸ்கேன் பக்கத்தில் திறந்திருக்கட்டும். யாரும் கை வைக்காத கோப்பு ஒன்று தனியாக இருக்கட்டும். ஸ்வர வரிக்கு ஒரு ஸ்டைல், சாகித்ய வரிக்கு வேறொரு ஸ்டைல் என்று கோப்பில் பிரித்துவிடுங்கள். கீழே சொல்லும் தேடல், மாற்றல் எல்லாம் ஸ்வர வரியில் மட்டும் ஓட வேண்டியவை. பிரிக்காமல் ஓட்டினால் சாகித்யம் நாசமாகும்.

அறிகுறி 1: ஸ்தாயிப் புள்ளியில் கோளாறு

*ஸ்வரத்தோடு புள்ளி வைத்த வட்டம் ஒன்று சேர்ந்து வருகிறது*

அந்த வட்டம் ரி, நி பக்கத்திலும் நெடில் ஸ்வரங்கள் பக்கத்திலும் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். தட்டியவர் தாரஸ்தாயிப் புள்ளிக்கு, அதாவது மேல் ஸ்தாயியைக் காட்ட ஸ்வரத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு, மெய்யெழுத்தின் புள்ளியைப் போட்டிருக்கிறார். ஸ மேல் புள்ளி வைத்தால் 'ஸ்'. க, ம, ப, த எல்லாவற்றுக்கும் அப்படியே கிடைத்துவிடும், கண்ணுக்குக் கொஞ்சமும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ரி-யில் ஏற்கெனவே இகரம் இருக்கிறது. அதன்மேல் மெய்ப்புள்ளி ஏறாது. கணினி வட்டத்தைக் காட்டி மறுக்கிறது.

தீர்வு: ஸ்வர வரி ஸ்டைலில் மட்டும் எல்லா மெய்ப்புள்ளியையும் யூனிகோடில் 0307 என்ற எண்ணுள்ள ஒட்டு மேற்புள்ளியாக மாற்றுங்கள். மந்த்ரஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு, 0323, கீழ்ப்புள்ளி. இரண்டும் உயிர்க்குறிக்குப் பிறகு வர வேண்டும்: முதலில் ர, அப்புறம் இகரக் குறி, அப்புறம் புள்ளி.

*ஸ்வர வரியில் 'ஸ்ரீ' வந்து உட்கார்ந்திருக்கிறது*

முதல்முறை பார்த்தபோது யாரோ பக்தியில் தட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். காரணம் மேலே சொன்னதேதான். தாரஸ்தாயி ஸ-வுக்கு மெய்ப்புள்ளி, அதை ஒட்டி இடைவெளி இல்லாமல் நெடில் ரீ. இரண்டும் சேர்ந்தால் எழுத்துரு அதைக் கூட்டெழுத்தாக்கிவிடும். ஒரு தானவர்ணத் தொகுப்பில் சிட்டஸ்வரங்களில் மட்டும் ஏகப்பட்ட ஸ்ரீ. ஸ்வர வரிகளில் 'ஸ்ரீ' என்று தேடினால் ஒரு நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும். ஒன்று கிடைத்தாலும் போதும், கோப்பு முழுக்க மெய்ப்புள்ளிதான் ஸ்தாயிப் புள்ளியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

*புள்ளி இருக்கிறது, ஆனால் ஸ்வரத்தை விட்டு விலகி நிற்கிறது, அல்லது பக்கத்து எழுத்தின்மேல் ஏறியிருக்கிறது*

அந்தத் தமிழ் எழுத்துருவில் 0307, 0323 இரண்டும் கிடையாது. மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து புள்ளியைக் கடன் வாங்குகிறது. கடன் வாங்கிய புள்ளிக்கு ரி எவ்வளவு அகலம் என்று தெரியாது. செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்:

முதலில் வேறு எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அது ஒத்துவராவிட்டால் புள்ளிகளை எழுத்தோடு ஒட்டாமல் அட்டவணையில் ஸ்வர வரிக்கு மேலும் கீழும் தனி வரியாக வையுங்கள். வேலை அலுப்பானது, ஆனால் எங்கு திறந்தாலும் நகராது. இதுவும் வேண்டாமென்றால் எழுத்துரு செய்பவரிடம் போங்கள். ஏழு ஸ்வரம், குறில் நெடில் இரண்டு, மேல் கீழ் இரண்டு: மொத்தம் 28 வடிவங்கள்தான். இது அவருக்குச் சின்ன வேலை. திருத்திக்கொள்ள உரிமம் அனுமதிக்கிற எழுத்துருவை மட்டும் கொடுங்கள். உள்ளே இருக்கும் எழுத்து 'ஸ, பிறகு 0307' என்றே இருக்க வேண்டும், தோற்றத்தில் மட்டும் புது வடிவம் வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குத் தேடல் எதுவும் வேலை செய்யாது.

*திரையில் சரி, பிடிஎஃபில் புள்ளி இல்லை*

பிடிஎஃபில் எழுத்துரு உட்பொதிந்திருக்கிறதா என்று அதன் பண்புகள் பக்கத்தில் பாருங்கள். இன்டிசைன் என்றால் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஒரு பொறி உண்டு. ஸ்வர எழுத்துகள் எதிலும் கொம்பு கிடையாது. அதனால் கம்போசர் தவறாக இருந்தாலும் ஸ்வர வரி ஓரளவு ஒழுங்காகவே தெரியும். சாகித்யத்தில் ஒரு 'கெ', ஒரு 'பொ' தேடிப் பாருங்கள். கொம்பு இடம் மாறியிருந்தால் புள்ளிக்கும் அதே வியாதிதான்.

*புள்ளி எல்லாம் ஒழுங்கு, ஆனால் பாடினால் தூக்கிப்போடுகிறது*

நடுவில் ஓரிடத்தில் புள்ளி விடுபட்டிருக்கும். ப த நி என்று மேலே போய், புள்ளி இல்லாத ஸ-வில் தொப்பென்று விழும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ஐந்து ஸ்வரத்துக்கு மேல் தாண்டினால் அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தாட்டு ஸ்வரப் பிரயோகங்களில் உண்மையாகவே தாண்டல் வரும், அதனால் கோடு போடுவதோடு நிறுத்திக்கொண்டு ஸ்கேனைப் பார்த்த பிறகே திருத்துங்கள்.

அறிகுறி 2: காற்புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் 'இ'

பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. அதில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ', அரைப்புள்ளி விசையில் இருப்பது மெய்ப்புள்ளி. நொட்டேஷனில் நீட்டலுக்கு நாம் பயன்படுத்துவதும் இதே இரண்டு குறிகள்தான், என்ன பொருத்தம் பாருங்கள். தட்டியவர் நீட்டல் குறிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறித் தட்டியிருப்பார். யூனிகோட் மாற்றி அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மொத்தத்தையும் பாமினியாக எடுத்துக்கொண்டு விடும். ஈழத்திலிருந்து வரும் பழைய கோப்புகளில் இது அடிக்கடி நேரும், அங்கே பாமினி அவ்வளவு பரவலாக இருந்தது.

ஸ்வர வரியில் தனியாக நிற்கும் 'இ' எல்லாவற்றையும் காற்புள்ளியாக மாற்றலாம், தப்பு நேராது, 'இ' என்று ஒரு ஸ்வரம் கிடையாது. அரைப்புள்ளிதான் தலைவலி. அது மெய்ப்புள்ளியாக மாறி முந்தைய ஸ்வரத்தில் ஒட்டிக்கொள்ளும், தாரஸ்தாயி போலத் தோற்றம் தரும். மாற்றிய பிறகு இதைப் பிரித்தெடுக்க முடியாது. எனவே பழைய கோப்புக்குத் திரும்பிப் போய், ஆங்கில எழுத்துருவில் இருக்கும் காற்புள்ளிகளை 1 என்றும் அரைப்புள்ளிகளை 2 என்றும் மாற்றிவிட்டு அப்புறம் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். எண்கள் பெரும்பாலும் பத்திரமாக வந்துசேரும். ஒரு பக்கத்தைச் சோதித்துவிட்டு மொத்தத்தையும் ஓட்டுங்கள்.

டிஸ்கி, டாப், வானவில் என்று மற்ற பழைய குறிமுறைகளுக்கும் நோய் இதேதான். ஸ்தாயிப் புள்ளிக்கென்று யாராவது காலியிடத்தில் தனி எழுத்துச் செருகியிருந்தால், அது ஏதோ ஒரு கிறுக்கலாக வெளியே வரும். எந்தக் கிறுக்கல் எந்தப் புள்ளி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாற்றவும். பழைய எழுத்துருக் கோப்பே கையில் இல்லை, அச்சான பக்கமும் இல்லை என்றால் மறுபடி தட்டுவதுதான் மலிவு. இரண்டு நாள் துப்பறிந்துவிட்டுக் கடைசியில் மறுபடி தட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அறிகுறி 3: ஆவர்த்தனக் கணக்கு இடிக்கிறது

அதிகம் வருவது இதுதான், அதிக சண்டை வருவதும் இதில்தான்.

ஆதி தாளம், ஒரு களை, அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நான்கு மாத்திரை என்றால் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. அதன் அங்கங்களில் லகுவுக்கு 16, இரண்டு திருதங்களுக்கு எட்டு எட்டு. மோகனத்தில் ஒரு லகு இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

கா கா ரீ ; ஸ ரி க , ப க ரி |

குறில் ஒன்று, நெடில் இரண்டு, காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. எண்ணினால் கா கா ரீ அரைப்புள்ளி எட்டு. ஸ ரி க காற்புள்ளி நான்கு. ப க ரி மூன்று. மொத்தம் 15. ஒன்று குறைகிறது. கேள்வி எங்கே என்பது. 'ப , க ரி' என்று இருந்ததா, 'ப க ரீ' என்று இருந்ததா, 'ப க , ரி'யா? மூன்றும் கணக்குக்குச் சரி, பாட்டுக்கு மூன்றும் வேறு. இங்கே ஊகித்துத் திருத்துகிறவர் பதிப்பாசிரியர் இல்லை, புதிதாக ஒரு பாடத்தை உண்டாக்குகிறவர்.

கணக்கு பார்க்க எக்செல் போதும், ஆனால் எழுத்து எண்ணிக்கை சூத்திரத்தை நம்பாதீர்கள். யூனிகோடில் ரி என்பது இரண்டு குறிகள், ஸ ஒன்று. ரி குறிலாக இருந்தும் இரண்டு என்று சொல்லிவிடும். முதலில் ஸ்தாயிப் புள்ளிகளை நீக்குங்கள். அடுத்து நெடில்களையும் அரைப்புள்ளியையும் இரண்டு கோடுகளாக மாற்றுங்கள். பிறகு குறில்களையும் காற்புள்ளியையும் ஒரு கோடாக. கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். இந்த வரிசை முக்கியம். க-வை முதலில் மாற்றினால் கா-வின் கால் அநாதையாகத் தொங்கும். தொங்குகிற எதுவும் தனியாக ஒரு தகவல்தான்: ஸ்வர வரியில் வரக்கூடாத எழுத்து அது. ஓசிஆர் செய்த கோப்பில் 'கா' என்பது 'கர' என்று வந்திருக்கும். இகரமோ ஈகாரமோ இல்லாத ர எந்த ஸ்வரத்துக்கும் கிடையாது என்பதால் கண்டுபிடிப்பது சுலபம்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

*வரியின் தொடக்கத்தில் குறைகிறது.* எடுப்பு, அதாவது தாளம் தொடங்கிச் சற்று தள்ளிப் பாட்டு தொடங்கும் இடம். அரை இடத்தில் எடுக்கும் பல்லவிக்கு முதலில் இரண்டு காற்புள்ளி இருக்கும். பார்க்கக் குப்பை மாதிரி இருப்பதால் தட்டுபவர் அழித்துவிடுவார். ஒன்றரை இடத்து தேசாதி எடுப்பில் ஆறு மாத்திரை காணாமல் போகும். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றின் தொடக்கத்திலும் அதே எண்ணிக்கை குறைந்தால் காரணம் இதுதான்.

*சரியாக இரட்டிப்பாக இருக்கிறது, அல்லது ஒரு துண்டு மட்டும் இரட்டிப்பு.* ஸ்வரங்களின் மேல் போட்ட துரிதக் கோடு (வேகத்தை இரட்டிப்பாக்கும் கோடு) விழுந்துவிட்டது. ஒரு கோடு இரண்டாம் காலம், இரண்டு கோடு அதற்கும் மேல். வேர்டிலிருந்து வெறும் எழுத்தாக ஒட்டும்போது கோடுதான் முதலில் உதிரும். சில நூல்களில் கோடு மேலே, சிலவற்றில் கீழே. இரண்டு மூலங்களிலிருந்து எடுத்த தொகுப்பில் இது கலந்துவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது. எது என்று முன்னுரையின் குறியீட்டு விளக்கத்தில் எழுதிவிட்டு ஒரே மாதிரி ஆக்குங்கள்.

*எண்ணிக்கை சரி, தாள அங்கத்தைப் பிரிக்கும் கோடு மட்டும் இடம் தவறியிருக்கிறது.* அவசரப்பட வேண்டாம். மிச்ர சாபு 3+4, ஆனால் சியாமா சாஸ்திரியின் கிருதிகள் சிலவற்றில் 4+3 ஆன விலோம சாபு உண்டு. அங்கே கோடு நான்குக்குப் பின் நிற்பதுதான் சரி. அதேபோல கண்ட ஜாதி அட தாள வர்ணத்தில் 5+5+2+2; முதல் கோட்டைத் தவறவிட்டுப் பத்தாகத் தட்டியிருப்பார்கள்.

*எங்கோ நடுவில் ஒன்றிரண்டு குறைகிறது அல்லது கூடுகிறது.* ஸ்கேனோடு ஒப்பிடுங்கள். ஸ்கேனில் சரியாக இருந்தால் தட்டச்சுப் பிழை, திருத்திவிட்டு மறந்துவிடலாம். மூலத்திலேயே குறைந்தால், நூலின் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நூல்களில் பெரும்பாலும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அதிலும் இல்லை என்றால் அதே சங்கதி அடுத்த ஆவர்த்தனத்தில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதை வைத்து நிரப்பி, நிரப்பியது நீங்கள் என்று குறிப்பு எழுதுங்கள்.

இதற்கும் பிடிபடவில்லையா? இப்போது வித்வானைக் கூப்பிடலாம். பக்கத்தை அனுப்பி 'சரியா பாருங்கள்' என்று கேட்காதீர்கள். அந்த ஆவர்த்தனத்தை மட்டும் தாளம் போட்டுப் பாடி அனுப்பச் சொல்லுங்கள். படிக்கும்போது அவருடைய மனம் தானாகவே காற்புள்ளியை நிரப்பிக்கொண்டு 'சரியாத்தானே இருக்கு' என்று சொல்லிவிடும்.

அறிகுறி 4: சாகித்யம் ஸ்வரத்தின் அடியில் நிற்கவில்லை

இடைவெளி விசையைத் தட்டித் தட்டி ஒழுங்கு செய்த கோப்பு என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். எழுத்துருவை அரைப் பாயிண்ட் மாற்றினாலும் எல்லாம் சரியும். அட்டவணையாக மாற்றுங்கள், ஒரு மாத்திரைக்கு ஒரு கட்டம். நெடில் இரண்டு கட்டம் பிடிக்கும், இரண்டாவது காலியாக இருக்கட்டும்.

அட்டவணைக்குப் பிறகும் முட்டினால் தாள் அளவு. டெமி அளவில் எழுத்துப் பரப்பு 11 செ.மீ. என்று வைத்தால் 32 கட்டத்துக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். 'ரீ' அதில் உட்காராது. லகு ஒரு வரி, இரண்டு திருதம் அடுத்த வரி என்று உடையுங்கள், அல்லது பதிப்பாளரிடம் கிரவுன் 1/4 கேளுங்கள். முதல் ஃபாரம் (சேர்த்து அச்சாகும் 16 பக்கத் தொகுதி) கட்டும் முன் கேட்க வேண்டும். அப்புறம் கேட்டால் அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

இன்னொரு விசித்திரமான புகார் வரும்: 'சாகித்யத்தில் மெய்யெழுத்துப் பிழைகள் இருக்கின்றன.' ப்ரூஃப் பார்த்த தமிழாசிரியர் ஒருவர் எனக்கு இப்படி ஒரு பக்கம் நிறையச் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். 'ராம' என்ற இடத்தில் 'ராம்' இருக்கிறதாம். கோப்பைத் திறந்தால் 'ராம' என்றுதான் இருக்கிறது. அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. மேல் வரியில் இருந்த மந்த்ரஸ்தாயிப் புள்ளி நேராக ம-வின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஸ்வர வரிக்கும் சாகித்ய வரிக்கும் நடுவே மூன்று பாயிண்ட் கூட்டினேன், பிழை போயிற்று. சாகித்ய நீட்டலுக்குப் புள்ளி போடும் வழக்கம் இருந்தால் அதைச் சிறு கோடாக மாற்றுவதும் நல்லது. ஒரே பக்கத்தில் மூன்று விதப் புள்ளி இருந்தால் எந்தக் கண்ணும் தாங்காது.

அறிகுறி 5: எழுத்தை ஒட்டிய சிறு எண் என்னவென்று தெரியவில்லை

நொட்டேஷன் புத்தகத்தில் மூன்று வகைச் சிறு எண்கள் உண்டு. ரி₂, க₃ என்று ஸ்வரஸ்தானம், அதாவது அந்த ஸ்வரத்தின் எந்த வகை என்பது. தெலுங்கு, சமஸ்கிருதச் சொற்களில் க², க³, க⁴ என்று வல்லின வேறுபாடு. அடிக்குறிப்பு எண். ஒரு சாகித்யத்தில் 'க'வில் முடியும் சொல்லுக்கு மூன்றாம் அடிக்குறிப்பு விழுந்தால் அது க³ ஆகிவிடும், பாடுகிறவர் உச்சரிப்பையே மாற்றிவிடுவார்.

எளிய தீர்வு: ஸ்வரஸ்தானம் கீழே, வல்லினம் மேலே, அடிக்குறிப்புக்கு எண்ணே வேண்டாம், உடுக்குறியோ சிலுவைக் குறியோ போதும். குறிப்புகள் நிறைய இருந்தால் எண்ணைப் பாட்டின் நடுவில் போடாமல், ஆவர்த்தன எண்ணைச் சொல்லிப் பாட்டின் முடிவில் தொகுத்துக் கொடுங்கள். ஆவர்த்தனங்களுக்கு ஓரத்தில் எண் போட்டிருந்தால்தான் இது நடக்கும். போட்டுவிடுங்கள், பல வேலைக்கு உதவும்.

வல்லின எண்ணுக்குப் பின் வட்டம் தெரிந்தால், எண் எழுத்துக்கும் கால் குறிக்கும் நடுவில் புகுந்திருக்கிறது. 'கா²' என்று கால் முடிந்த பிறகு எண் வர வேண்டும்.

அறிகுறி 6: ராகத்துக்கு ஒவ்வாத ஸ்வரம்

இங்கேதான் கை துறுதுறுக்கும். திருத்தாதீர்கள், முதலில் தேடுங்கள்.

கைப்பிரதியில் நி-யும் ரி-யும் வேகமாக எழுதினால் ஒன்றுபோல இருக்கும். க-வும் த-வும் அப்படியே. எழுதியவரின் இன்னொரு பக்கத்தில் ஐயமில்லாத ஒரு நி-யைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக் கேஸ் இதில் முடிந்துவிடும்.

எழுத்து தெளிவு, ஆனால் ஸ்வரஸ்தானம்தான் இடிக்கிறது என்றால் ராகம் பாஷாங்கமா, அதாவது தாய் ராகமான மேளத்தில் இல்லாத ஸ்வரமும் வருவதா என்று பாருங்கள். காம்போதி 28-ஆவது மேளத்தில் பிறந்தது, கைசிகி நிஷாதம் (நி₂). ஆனால் 'ஸ நி ப த ஸ' என்ற பிரயோகத்தில் காகலி நிஷாதம் (நி₃) வரும். நி₃ என்று மூலத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு 'மேளத்துக்கு விரோதம்' என்று நி₂ ஆக்கினால் காம்போதியின் முகவரியையே அழித்ததாகும்.

ராகத்தின் பெயரோ ஸ்வரத்தின் பெயரோ இடித்தால் பெரும்பாலும் ராகப் பட்டியல் வேறு. 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, வேங்கடமகியின் வழியில் ராகங்களை வைக்கிறது. அங்கே தோடி ஜனதோடி, கல்யாணி சாந்தகல்யாணி, முதல் மேளம் கனகாம்பரி. நாம் இன்று சதுசுருதி ரிஷபம் என்பதை அது பஞ்சசுருதி ரிஷபம் என்கிறது. 'பஞ்சசுருதி'யை அச்சுப்பிழை என்று எண்ணி 'ஷட்சுருதி' ஆக்கிய ப்ரூஃபை நானே பார்த்திருக்கிறேன். எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முன்னுரையில் ஒரு வரி எழுதிவிட்டால் இந்த வகைத் திருத்தங்கள் குறையும்.

அந்த நூல் முதலில் தெலுங்கு எழுத்தில் வந்தது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் வெளியிட்டது. தமிழ்ப் பதிப்பில் ஐயம் வந்தால் தெலுங்கு அச்சைப் பாருங்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் ஏழு ஸ்வர எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் ஒரு மாலையில் பழகிவிடலாம்.

இத்தனைக்கும் நிற்கிறதென்றால் அது உண்மையான பாடபேதம். அதை மூலத்தில் உள்ளபடியே அச்சிட்டு, இன்ன சிஷ்ய பரம்பரையில் இப்படி என்று குறிப்பில் சொல்லுங்கள். இரண்டு பாடாந்தரத்தைக் கலந்து 'நல்லதாக' ஒன்றைச் செய்யாதீர்கள். இங்கே கூப்பிட வேண்டியது ஒருவரை இல்லை, இரண்டு பேரை, வேறு வேறு பாணியைச் சேர்ந்தவர்களை. தனித்தனியாக.

அறிகுறி 7: கமகக் குறிகள் விழுந்துவிட்டன, அல்லது வேறாகிவிட்டன

சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் விதங்களுக்கு, தனிக் குறிகள் வைத்தார். ஸ்புரிதத்துக்கு முக்கோணமாக மூன்று புள்ளி, பிரத்யாகதத்துக்கு அதையே தலைகீழாக, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், கம்பிதத்துக்கு நெளிகோடு. அந்த நூலிலிருந்து எடுத்த கிருதியைச் சாதாரண டிடிபியில் தட்டினால் பாதிக் குறிகள் வராது.

அங்க முடிவுக் கோடு ஜாருவாகத் தெரிகிறதென்றால், அந்த வரியை யாரோ சாய்வெழுத்தாக்கியிருக்கிறார்கள். நேர்கோடும் சாய்ந்துவிட்டது. ஸ்வர வரியில் சாய்வெழுத்தே கூடாது என்று ஸ்டைலிலேயே பூட்டிவிடுங்கள். ஸ்புரிதம் புள்ளிக் கொத்தாக ஸ்தாயிப் புள்ளியோடு கலந்தால் கமகத்துக்குத் தனி வரி ஒதுக்குங்கள்.

எல்லாக் குறியையும் கொண்டுவர வசதியில்லை என்றால், பாதியைப் போட்டுப் பாதியை விடுவதைக் காட்டிலும் முழுவதும் விட்டுவிட்டு, விட்டோம் என்று சொல்வது மேல். ஆராய்ச்சிப் பதிப்பு என்றால் அந்தச் சலுகை கிடையாது. எழுத்துரு செய்பவருக்குப் பணம் கொடுங்கள்.

அறிகுறி 8: பதிப்பாளர் 'உரிமை யாரிடம்?' என்று கேட்கிறார்

தியாகராஜர் 1847-இல், முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தவர்கள். பாட்டுக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் அதை ஸ்வரப்படுத்தி ஒருவர் நூலாக்கியிருந்தால், அவருடைய குறிப்புகளையும் விளக்கத்தையும் அப்படியே எடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார், அவருடைய பாட்டுகளுக்கு 2033 முடிய. சொல்லும் மெட்டும் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம். திருப்பாவை ஆண்டாளுடையது, ஆனால் இன்று கச்சேரியில் பாடும் மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்காருடையது. அவர் மறைந்தது 1967. வாரிசுகள் யாரென்று தெரியவில்லை, அல்லது இரண்டு பேர் உரிமை கோருகிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலிடம் போங்கள்.

அறிகுறி 9: அச்சில் புள்ளி கலங்கியிருக்கிறது, கோடு விட்டுவிட்டுத் தெரிகிறது

வேர்டிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்தால் கறுப்பு நான்கு நிற மைகளால் ஆனதாகப் போகக்கூடும். நான்கு பிளேட்டும் இம்மி பிசகினால் பெரிய எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, ஸ்தாயிப் புள்ளி மட்டும் கரைந்து போகும். அச்சகத்தில் 'கறுப்பு மட்டும்' என்று சொல்லி, மற்ற மூன்று பிளேட்டும் காலியாக இருப்பதைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். துரிதக் கோடுகள் கால் பாயிண்டில் இருந்தால் அரைப் பாயிண்ட் ஆக்குங்கள்.

தைக்காமல் பசை போட்டு ஒட்டும் புத்தகத்தில் இடப்பக்கத்தின் வலது ஓரத்தில் நிற்கும் ஆவர்த்தன முடிவுக் கோடு மடிப்புக்குள் போய்விடும். உள் ஓரத்தைக் கூடுதலாக விட்டு, வெற்றுத்தாளில் அதே பக்க எண்ணிக்கைக்கு ஒரு டம்மி ஒட்டச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். நொட்டேஷன் புத்தகத்தைத் தம்பூரா பக்கத்தில் தரையில் விரித்து வைத்துத்தான் பாடுவார்கள். விரியாவிட்டால் முதல் வாரத்திலேயே முதுகு உடையும்.

அச்சாகி வந்தபின் பிழை கண்ணில் பட்டால், எந்த ஃபாரத்தில் இருக்கிறதென்று பாருங்கள். இன்னும் கட்டவில்லை என்றால் அந்த 16 பக்கத்தை மட்டும் மறுபடி அடிக்க எவ்வளவு என்று அச்சகத்தில் கேளுங்கள். ஸ்தாயி தவறோ கணக்குத் தவறோ என்றால் நான் அடிக்கச் சொல்லிவிடுவேன். கட்டியாகிவிட்டது என்றால் பிழைதிருத்தத் தாள்தான். அதைப் பின்னட்டையில் செருகாமல் அந்தப் பாட்டின் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். பக்க எண், ஆவர்த்தன எண், அச்சானது, இருக்க வேண்டியது என்று நான்கு பத்தி. அந்தத் தாளையும் ஒருமுறை தாளம் போட்டு எண்ணிவிட்டு அனுப்புங்கள். என்னுடைய ஒரு புத்தகத்தில் திருத்தத் தாளிலேயே ஒரு காற்புள்ளி குறைவு.